தாளில் வெட்டிய தேக்கா

சிங்கப்பூரில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் எத்தனை ஸ்டென்சில் எழுத்துகளைக் கடந்திருப்போம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. லாரிக் கதவில் எடையைச் சொல்லும் வெள்ளை எழுத்து, கட்டுமானத் தளத்தின் தகரத் தடுப்பில் தெளித்த எண், சந்தையில் காய்கறிப் பெட்டிமேல் இருக்கும் கடை எண், புளோக்கின் கீழ்த்தளத்தில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் உள்ள பெயர் எல்லாமே ஒரே வகை. தகட்டிலோ தடித்த தாளிலோ எழுத்தை ஓட்டையாக வெட்டி, அதைப் பரப்பின்மேல் வைத்து, சாயத்தை ஒற்றியோ தெளித்தோ எடுத்தவை. ஒருமுறை வெட்டினால் நூறு முறை பயன்படும். அழகுக்காக யாரும் அவற்றைச் செய்யவில்லை. ஆனால் இந்த நகரத்தின் கையெழுத்து எது என்று கேட்டால் நான் இவற்றைத்தான் காட்டுவேன்.

வார நாள்களில் எனக்கு அலுவலகத்தில் கணக்கு வேலை. வார இறுதியில், சாப்பாட்டு மேசையில் ஒரு பாயை விரித்து, லிட்டில் இந்தியாவின் தெருக்களைத் தாளில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கடைவீட்டுத் தூண்கள், பூக்கடை, பின்சந்தின் சுழல் படிக்கட்டு, மிதிவண்டி என்று இதுவரை முப்பதுக்கும் மேல் வெட்டியிருப்பேன். ஓவியம் கற்றவள் இல்லை. பள்ளியில் ஓவிய வகுப்பு என்றால் தப்பித்தால் போதும் என்று இருந்தவள். அப்படிப்பட்டவருக்கும் கைகூடும் கலை இது. கை நடுங்காமல் கோடு இழுக்கத் தெரிய வேண்டியதில்லை. எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்கத் தெரிந்தால் போதும். அந்த முடிவுதான் நினைத்ததைவிடக் கடினம் என்பது வெட்ட ஆரம்பித்த பிறகு தெரிய வரும்.

<b>நம் வீட்டு ஸ்டென்சில்</b>

பெயர் ஆங்கிலமாக இருந்தாலும் பொருள் நமக்குப் புதிதில்லை. பொங்கல் நெருங்கும்போது கேம்பல் லேன் பக்கம் போனால் கோல அச்சு கிடைக்கும். துளையிட்ட சிறு தட்டு. அதில் கோலப்பொடியைப் போட்டுத் தரையில் வைத்து மெல்லத் தட்டினால் தாமரையோ மயிலோ விழும். “அச்சுல போடுறதெல்லாம் ஒரு கோலமா?” என்று என் பாட்டி முகம் சுளிப்பார். புள்ளி வைத்து இழையெடுத்துப் பழகிய கைக்கு அது குறுக்குவழியாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் வீவக வீட்டு வாசலில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், பலருக்கு அந்தத் தட்டுதான் துணை.

வட இந்தியாவின் மதுராவில் சாஞ்சி என்ற கலை உண்டு. கண்ணன் கதைக் காட்சிகளைத் தாளில் மிக நுணுக்கமாக வெட்டி, அதன் வழியே வண்ணப் பொடியைத் தூவித் தரையில் படம் எடுப்பார்கள். நம் கோல அச்சுக்கு அது நெருங்கிய உறவு.

இன்னும் பழையது வேண்டுமானால் இந்தோனீசியாவின் சுலாவேசித் தீவுக்குப் போக வேண்டும். அங்குள்ள சுண்ணாம்புக் குகைகளில், பாறையில் கையை வைத்துச் சுற்றிலும் செஞ்சாயத்தைத் தெளித்துப் பதித்த கைத்தடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என்று 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு சொன்னது. கத்தியும் தாளும் வருவதற்கு முன்பே மனிதன் தன் கையையே ஸ்டென்சிலாக வைத்திருக்கிறான். நானும் இங்கே இருந்தேன் என்று சொல்ல அவனுக்குக் கிடைத்த வழி அது.

தெருக்கலையில் இந்த முறை பரவியதற்குக் காரணம் வேகம். பாரிஸ் நகரில் 1981 முதல் சுவர்களில் எலிகளைப் பதித்த பிளெக் லெ ராட் என்ற கலைஞர் அதற்கு முன்னோடி. பிரிட்டனின் பேங்க்ஸி, காவலர்களிடமிருந்து தப்பி ஒரு லாரிக்கு அடியில் ஒளிந்திருந்தபோது, வண்டியின் எரிபொருள் தொட்டியில் இருந்த ஸ்டென்சில் எழுத்தைப் பார்த்துத்தான் இந்த முறைக்கு மாறியதாகச் சொல்லியிருக்கிறார். நாம் தினமும் கடந்து போகும் அதே லாரி எழுத்துதான்.

<b>ஒரு மணி வெயில்</b>

ஸ்டென்சிலுக்கு முதலில் வேண்டியது ஒரு நல்ல புகைப்படம். நல்லது என்றால் அழகானது என்று பொருளில்லை. வெளிச்சமும் நிழலும் நன்றாகப் பிரிந்து நிற்க வேண்டும். சாயம் பட்ட இடம், படாத இடம் என்ற இரண்டைத் தவிர ஸ்டென்சிலுக்கு வேறெதுவும் தெரியாது.

அதற்கு லிட்டில் இந்தியாவைப் போல் வசதியான இடம் கிடையாது. நம் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், இங்கே உச்சி வெயில் பிற்பகல் 1 மணியளவில்தான் வரும். அந்த நேரத்தில் டன்லப் ஸ்திரீட்டில் நின்றால் கடைவீடுகளின் முகப்பு வெளுத்துத் தெரியும். அதன்கீழே ஐந்தடி நடைபாதை மை ஊற்றியதுபோல் இருண்டு கிடக்கும். ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஏற்பட்ட அந்த நிழல், இரண்டு நூற்றாண்டு கழித்து என் கத்திக்கு வழிகாட்டுகிறது.

பிறகு படத்தைக் கைப்பேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றி, இடைப்பட்ட சாம்பல் நிறங்களைக் குறைத்துக்கொண்டே வருவேன். முதலில் போவது வண்ணம். கிர்பாவ் ரோட்டிலுள்ள டான் டெங் நியா வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிட்டாய்த் தொழில் செய்த அந்தச் சீன வணிகரின் வீடு 1900ஆம் ஆண்டு கட்டப்பட்டது. லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் சீனர் மாளிகை அது. சுற்றுப்பயணிகள் வந்து படம் எடுப்பது அதன் வானவில் வண்ணத்துக்காக. வண்ணத்தை நீக்கிப் பார்த்தால்தான் சன்னல் கதவுகளின் குறுக்குப் பட்டைகள் கண்ணில் படும். வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில், காற்றை விட்டு வெயிலைத் தடுக்க ஒரு தச்சர் இழைத்து வைத்த பட்டைகள். அந்த வீட்டைப் பலமுறை கடந்திருந்தும், வெட்ட உட்கார்ந்த அன்றுதான் நான் அவற்றைப் பார்த்தேன்.

அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, எதை விடலாம் என்பது. குளிர்சாதனப் பெட்டி, கம்பிகள், குப்பைத் தொட்டி, நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை எடுத்துவிட்டால் கடைவீடு அஞ்சலட்டை போல் ஆகிவிடும். அவற்றை வைத்தால் இன்றைய தெருவாக இருக்கும். பஃப்ளோ ரோடு பூக்கடையை வெட்டியபோது, முன்னால் கிடந்த பிளாஸ்டிக் வாளியை விடலாமா என்று யோசித்தேன். அருகில் இருந்த அம்மா, “வாளி இல்லாமப் பூ வாடிப் போயிடும்” என்றார். வாளி இருக்கிறது.

<b>தீவும் பாலமும்</b>

ஸ்டென்சில் வெட்டுபவர்கள் இரண்டு சொற்களை அடிக்கடி பயன்படுத்துவார்கள்: தீவு, பாலம். ஒரு வளையத்தை வெட்டினால் அதன் நடுப்பகுதி பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். அதுதான் தீவு. அது விழாமலிருக்க, வளையத்தை முழுதாக வெட்டாமல் ஓரிடத்தில் மெல்லிய இணைப்பை விட்டுவைக்க வேண்டும். அது பாலம். பெட்டிகளில் பார்க்கும் ஆங்கில எழுத்து ஓ-வில் இரண்டு இடங்களில் கோடு விட்டுப்போயிருப்பது இதனால்தான்.

தமிழ் எழுத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்கு நம் எழுத்தில் எத்தனை சுழிகள் என்பது உறைக்கும். ட, ப இரண்டும் சிக்கலில்லாதவை. கத்தி நேராகப் போய்வரும். க, ம இரண்டிலும் தீவு உண்டு. ண, ன இரண்டையும் பிரித்துக் காட்டுவதே சுழிகளின் எண்ணிக்கை. பாலத்தைத் தவறான இடத்தில் வைத்தால் ஒரு சுழி மங்கி, மூன்று சுழி இரண்டாகத் தெரியும். சொல்லே மாறிப்போகும். எளிதானது மெய்யெழுத்தின் புள்ளி. ஒரு குத்து, வேலை முடிந்தது. பனையோலையில் எழுதியவர்கள் பல இடங்களில் புள்ளியை விட்டுவிடுவார்கள். தாளில் வெட்டும் எனக்கோ அதுதான் ஓய்வு.

நான் முதலில் வெட்டிய தமிழ்ச் சொல் ‘தேக்கா’. மூங்கிலின் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த பெயர். 1982இல் புதிய சந்தைக் கட்டடம் திறந்தபோது அதே பெயரின் மாண்டரின் வடிவமாக ‘சூஜியாவ் நிலையம்’ என்று பலகை வைத்தார்கள். மக்களின் வாயில் தேக்கா தேக்காவாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் பலகையும் ‘தேக்கா நிலையம்’ என்று மாறியது. ஹொக்கியனில் பிறந்து, தமிழரும் மலாய்க்காரரும் சொல்லிச் சொல்லித் தேய்த்த ஒரு சொல், அதிகாரபூர்வப் பலகையை 18 ஆண்டுகளில் வென்றிருக்கிறது. மூன்றே எழுத்து. ஆனால் ஏகாரக் கொம்பின் சுழி, தகரத்தின் சுழி, ககரத்தின் சுழி என்று பாலம் போட்டுப் போட்டு எனக்கு இரண்டு மாலைகள் போயின.

பாலங்கள் படத்தின் குறையாகத் தோன்றலாம். வெட்ட வெட்ட எனக்கு அவை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. தூணுக்கும் கூரைக்கும் நடுவே விட்ட இணைப்பு, சன்னலுக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்ட இணைப்பு, இவை இருப்பதால்தான் தாள் ஒரே தாளாக நிற்கிறது. பாலம் போடாமல் அழகாக வெட்டிய படம், கையில் எடுத்தவுடன் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும்.

<b>அப்பாவின் சன்னல்</b>

ரோச்சோர் செண்டர் பலருக்கு நினைவிருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு வண்ணத்தில் நின்ற நான்கு புளோக்குகள். 1977இல் கட்டப்பட்டவை. வடக்கு-தெற்கு விரைவுச்சாலைத் திட்டத்துக்காக இடம் எடுக்கப்படும் என்று 2011இல் அறிவித்தார்கள். 2016ஆம் ஆண்டு முடிவதற்குள் குடியிருப்பாளர்கள் வெளியேறினார்கள். 2018இல் இடிக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்த பலருக்கு மாற்று வீடு காலாங் டிரிவிஸ்டாவில் கிடைத்தது. அவர்களில் என் பெற்றோரும் அடக்கம்.

சற்றுத் தள்ளியிருக்கும் லிட்டில் இந்தியா 1989ஆம் ஆண்டு பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீட்டின் முகப்பை நினைத்தபடி மாற்ற முடியாது. என் பெற்றோர் குடியிருந்த வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது சரி, தவறு என்று வாதிட நான் வரவில்லை. விரைவுச்சாலையும் வேண்டும், வீடும் வேண்டும் என்று ஒரே நேரத்தில் ஆசைப்படுகிற ஊர் நம்முடையது. ஆனால், நூறாண்டுக் கடைவீட்டைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாற்பதாண்டு வீவக வீட்டின் சன்னலை யார் வரைந்து வைப்பார்கள்?

அப்பாவின் பிறந்தநாளுக்கு நான்கு புளோக்குகளையும் வெட்டிக் கொடுத்தேன். நான்கு வண்ணம், நான்கு தாள். அச்சில் நன்றாகவே வந்திருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் மாடிகளை எண்ண ஆரம்பித்தார்.

“நம்ம சன்னல் எங்கம்மா?”

அந்த அளவுத் தாளில் ஒரு சன்னல் இரண்டு மில்லிமீட்டர் கூட வராது. அவ்வளவு சிறியதைத் தனித்தனியாக வெட்டினால் தாள் தாங்காது. அதனால் சன்னல் வரிசையை நீளமான பட்டையாகச் சேர்த்துவிடுவதுதான் வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணே அதைச் சன்னல்களாகப் பிரித்துக்கொள்ளும். இதை விளக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டார். “அப்போ இது ரோச்சோர் செண்டர். நம்ம வீடு இல்ல,” என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்ப்பதுபோல் சொன்னார்.

அடுத்த மாதம் ஒற்றைச் சன்னலை வெட்டினேன். புகைப்படம் எதுவும் சரியாக இல்லாததால் அப்பா சொல்லச் சொல்ல வரைந்தோம். கண்ணாடிப் பட்டைகள் எத்தனை, எந்தப் பட்டை மாற்றியது, செடித்தொட்டி எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. துணி காயப்போடும் மூங்கில் கழியை வெறுமையாக வரைந்திருந்தேன். அது வெட்ட எளிது. அப்பா தலையை ஆட்டினார்.

“கழியில ஒரு கைலியாவது தொங்கணும். வெறும் கழின்னா வீட்டுல ஆள் இல்லன்னு அர்த்தம்.”

கைலி தொங்குகிறது. மடிப்புகளுக்காக மூன்று பாலம் கூடுதலாக விட வேண்டியிருந்தது. அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டு வரவேற்பறையில் இல்லை. அப்பா அதைத் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். காலையில் சட்டை எடுக்கும்போது பார்ப்பாராம்.

<b>யாருடைய சாலை?</b>

சிங்கப்பூரில் தெருவையும் ஸ்டென்சிலையும் சேர்த்துப் பேசினால் 2012ஆம் ஆண்டைத் தவிர்க்க முடியாது. சமந்தா லோ என்ற இளம் கலைஞர், மேக்ஸ்வெல் ரோட்டிலும் ராபின்சன் ரோட்டிலும் சாலையின்மேல் ஸ்டென்சிலில் ஒரு வாசகத்தைப் பதித்தார். தமிழில் சொன்னால் ‘என் தாத்தா ரோடு’. போக்குவரத்து விளக்குப் பொத்தான்களில் வேடிக்கையான சிங்லிஷ் வாசகங்கள் கொண்ட ஒட்டுவில்லைகளையும் ஒட்டினார். ‘ஸ்டிக்கர் லேடி’ என்று ஊடகங்கள் பெயர் சூட்டின. அவர் கைதானதும் ஊரே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. பொதுச் சொத்தில் கைவைக்கலாமா என்றது ஒரு பக்கம். நம் பேச்சு வழக்கை நம் தெருவில் பார்த்துச் சிரிக்கக்கூடாதா என்றது மறுபக்கம். 2013இல் நீதிமன்றம் அவருக்கு 240 மணி நேரச் சமூக சேவையைத் தண்டனையாக விதித்தது. அதன்பிறகும் அவர் கலைஞராகத் தொடர்ந்து படைத்து வருகிறார்.

அந்த வாசகம் சிங்லிஷ் வசவிலிருந்து வந்தது. நடுச்சாலையில் நிதானமாக நடப்பவரைப் பார்த்து “உன் தாத்தா ரோடா?” என்று கேட்பது. தமிழில் நாம் “உங்க அப்பன் வீட்டு ரோடா?” என்போம். எந்த மொழியில் கேட்டாலும் பொருள் ஒன்றுதான்: இது உனக்குச் சொந்தமானதில்லை, ஒதுங்கு.

ஆனால் என்னைப் போன்ற பலர் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொல்லலாம். 1825 முதல் 1873 வரை, சென்னை மாகாணத்தவர் உள்ளிட்ட இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, சாலைகளும் பாலங்களும் அமைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்கள் கைகள்தான். பின்னர் நகராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் சாலை வேலைக்கு ஏராளமான தமிழர்கள் சேர்ந்தார்கள். என் அப்பாவின் அப்பா அவர்களில் ஒருவர். தார் காய்ச்சும் வண்டியோடு நடந்தவர். எந்தச் சாலை என்று கேட்டால், “எல்லா ரோட்டுலயும்தான்” என்பாராம். இன்று அதே வெயிலில் அதே வேலையைச் செய்பவர்கள் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த வெளிநாட்டு ஊழியர்கள். ஞாயிறு மாலை தேக்காவில் அவர்கள் தோளோடு தோள் உரசி நிற்கும்போது, இவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த ஊரில் இருந்து இந்தச் சாலைகளை நினைத்துப் பார்ப்பார்கள் என்று யோசிப்பேன்.

இதனால் சுவரில் சாயம் அடிக்கக் கிளம்பலாம் என்று நான் சொல்லவில்லை. 1966ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதச் சட்டம் கடுமையானது. உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தனியார் சுவரில் வரைந்தாலும் அது பாயும். 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, அழியாத சாயம் என்றால் 3 முதல் 8 பிரம்படி. 1994இல் அமெரிக்க இளையர் மைக்கேல் ஃபேயும், 2010இல் எம்ஆர்டி ரயிலில் கிறுக்கிய சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரும் பிரம்படி பெற்றார்கள். கலை என்ற சொல் அங்கே கேடயமாகாது.

அனுமதியோடு வரைந்தவை அழகில் குறைந்துவிடவும் இல்லை. லாசால் கலைக் கல்லூரி, சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய ‘ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா’ திட்டத்தில் பல சுவர்கள் ஓவியங்களாயின. பெலிலியோஸ் லேனில் சைஃபூல் என்ற கலைஞர் வரைந்த பெரிய சுவரோவியத்தில் கிளி ஜோசியர் முதலிய பழைய தொழிலாளர்கள் நிற்கிறார்கள். சைனாடவுன் முதல் பல வட்டாரங்களில் பழைய வாழ்க்கையைச் சுவரில் வரைந்துவரும் யிப் இயூ சோங் 2015இல்தான் தம் முதல் சுவரோவியத்தைத் தீட்டினார். அதற்கு முன்பு அவர் கணக்குத் துறையில் இருந்தவர். அலுவலக நாற்காலியில் அமர்ந்து இதைப் படிக்கும் இளையர்களுக்காக அதைக் குறிப்பிடுகிறேன்.

எனக்குச் சுவர் தேவைப்படவில்லை. தாள், துணிப்பை, பழைய டி-சட்டை, மரப்பலகை போதும். தெருவின்மேல் வரைய முடியாத ஒருவர், தெருவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

<b>வீட்டில் செய்து பார்க்க</b>

குடும்பமாக ஒரு பிற்பகலைச் செலவிட விரும்புவோருக்கு, நான் பின்பற்றும் முறை இது.

படம்: 1 மணியளவில் எடுங்கள். கட்டடத்துக்கு நேரெதிரே நில்லுங்கள். முதல் முயற்சிக்கு ஒரே ஒரு பொருள் போதும். சன்னல், மிதிவண்டி, புளோக் எண், காப்பிக் கடையில் பையில் கட்டித் தரும் தேநீர் என எதுவும் சரி. முழுத் தெருவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொருள்கள்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், முனை மாற்றக்கூடிய கைவினைக் கத்தி, வெட்டும் பாய், அக்ரிலிக் சாயம், பஞ்சுத்துண்டு. பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் உள்ள ஓவியப் பொருள் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஊரில் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தாளைவிட உறுதி, கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்.

வெட்டு: அச்சிட்ட படத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டிய இடங்களில் பேனாவால் நிழல் போடுங்கள். வெட்டும் முன் பாலங்கள் எங்கே என்று குறியுங்கள். சிறிய ஓட்டைகளை முதலில், பெரியவற்றைக் கடைசியில் வெட்டுங்கள். பெரியதை முதலில் வெட்டினால் தாள் தளர்ந்து கத்தி வழுக்கும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். கத்தி முனை மழுங்கினால் உடனே மாற்றுங்கள். மழுங்கிய முனைதான் விரலை வெட்டும். பிள்ளைகளிடம் கத்தி வேண்டாம். சாயம் ஒற்றும் வேலையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். அதில்தான் ஆனந்தமும் இருக்கிறது.

சாயம்: பஞ்சைச் சாயத்தில் தொட்டு, முதலில் பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுங்கள். ஏறக்குறைய உலர்ந்த பஞ்சு வேண்டும். ஈரம் கூடினால் சாயம் தாளுக்கடியில் கசியும். தேய்க்காமல் நேராக ஒற்றுங்கள். இரண்டு மூன்று வண்ணம் என்றால் வண்ணத்துக்கு ஒரு தாள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடியுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே மூலைகளில் சிறு குறி வெட்டிவைத்தால் படம் நகராமல் பொருந்தும். துணிப்பையில் பதித்தால், உள்ளே ஓர் அட்டையை வைக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற கேள்வியை அவர்களிடம் கேளுங்கள். “பழைய கதை சொல்லுங்க” என்றால் அவர்கள் தயங்குவார்கள். “இந்தத் தூணை எடுத்துடலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தூணில் சாய்ந்து நின்றது யார், அதற்குப் பின்னால் எந்தக் கடை இருந்தது, அங்கே என்ன விலை என்று வரிசையாக வரும். எங்கள் வீட்டில் தாத்தாவின் தார் வண்டி அப்படித்தான் வந்தது. அதற்கு முன் அப்பா அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை.

இப்போது மேசையில் இருப்பது சிராங்கூன் ரோடு. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் பக்கமிருந்து தேக்கா நோக்கிப் பார்க்கும் கோணம். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்தில் அந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர்கள் அழைத்தார்கள். வீடுகளையும் கோபுரத்தையும் வெட்டி முடித்துவிட்டேன். பாக்கி இருப்பது கீழ்ப்பாதி முழுவதும் பரந்து கிடக்கும் சாலை. அதை அப்படியே வெட்டி எடுத்துவிட்டால் ஒரே கறுப்பாக விழும், வேலையும் சுலபம். ஆனால் அவ்வளவு பெரிய ஓட்டையைத் தாள் தாங்காது. குறுக்கே பாலங்கள் வேண்டும். எங்கே வைப்பது என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.